ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால்: ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றின் ஆய்வுத் தயாரிப்பு

பள்ளி ஆய்வு பற்றிய சுற்றறிக்கை வந்ததும் முதலில் வேலை கிடைப்பது கத்தரிக்கோலுக்கும் வண்ணத் தாளுக்கும்தான். அடுத்து கோப்புகள், பதிவேடுகள். பாடத்தின் முறை வருவதற்குள் நாள் நெருங்கிவிடும். இங்கே சொல்லப்போகும் வகுப்பிலும் தயாரிப்பு அந்த வரிசையில்தான் தொடங்கியது, பாதி வழியில் மாறியது. ஏன் மாறியது, மாறியதால் என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். அதே பள்ளியில் மூத்த ஆசிரியர் என்ற முறையில் அந்த வகுப்பில் பலமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியையின் ஒப்புதல் உண்டு. பெயர்களும் அடையாளங்களும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

தொடக்க நிலை

ஆசிரியைக்குச் சில ஆண்டுகள் அனுபவம். பாடத்தில் நல்ல பிடிப்பு, வகுப்பும் கட்டுக்குள் இருக்கும். ஆய்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. குழு வகுப்புகளைப் பார்க்கும், நோட்டுகளைப் புரட்டும், மாணவர்களோடு பேசும் என்ற அளவுக்குத்தான் தகவல். எந்த வகுப்புக்கு, எந்தப் பாடவேளையில் என்பது தெரியாது. அப்போது நடந்துகொண்டிருந்த பாடம் அடர்த்தி. அடுத்தது மிதத்தல்.

அவர் முதலில் போட்ட திட்டம் பலரும் போடுவதுதான். சுவர் முழுக்கப் படங்கள், எட்டுப் பக்கத்துக்கு விரிவான பாடக்குறிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ‘மாதிரிப் பாடம்’. அதாவது ஏற்கெனவே நடத்தி முடித்த அடர்த்திப் பாடத்தையே ஆய்வாளர் வரும் நாளில் புதிதுபோல நடத்துவது. கேள்விகளும் தயார், அவற்றுக்குப் பதில் சொல்ல நன்றாகப் படிக்கும் ஐந்தாறு பேரும் தயார்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் பயம் இருக்கும் இடத்தில் ஒத்திகை தானாக முளைக்கிறது. இங்கிலாந்தில் 1862இல் வந்த விதியின்படி, ஆய்வாளர் நேரில் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் குழந்தைகளைச் சோதிப்பார். தேறுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். விளைவு என்ன? வாசிப்புப் புத்தகத்தைக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்துவைத்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ‘வாசித்தது’. கவிஞர் மேத்யூ அர்னால்ட் அந்தக் காலத்தில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். இந்த முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். 1890களில் அது கைவிடப்பட்டது. ஒத்திகைப் பழக்கம் மட்டும் அதோடு போய்விடவில்லை.

எங்கள் ஆசிரியையின் திட்டத்தில் நடைமுறைச் சிக்கலும் ஒன்று இருந்தது. ஆய்வாளர் பாடத்தின் முதல் நிமிடத்தில் வந்து மணி அடிக்கும்வரை இருப்பார் என்று அது நம்பியது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நடுவில் நுழைவார், நடுவில் எழுந்து போவார். அழகான தொடக்கத்தையும் பொருத்தமான முடிவையும் அவர் பார்க்கவே மாட்டார். நடுவில் உள்ள இருபது நிமிடத்தில் பக்கத்து மாணவனின் நோட்டை எடுத்துப் பார்த்து, “இது ஏன் இப்படி?” என்று கேட்பார். ஒத்திகையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மரக்கட்டைக் கேள்வி

திட்டம் மாறியதற்கு என் அறிவுரை காரணமில்லை. ஒரு கேள்விதான் காரணம். மிதத்தல் பாடத்துக்குப் போகும் முன் அடர்த்தி எவ்வளவு தூரம் பதிந்திருக்கிறது என்று பார்க்கலாம் என ஆசிரியை நினைத்தார். கரும்பலகையில் இப்படி எழுதினார்: ஒரு மரக்கட்டையைச் சரிபாதியாக வெட்டுகிறோம். ஒரு பாதியின் அடர்த்தி முழுக்கட்டையின் அடர்த்தியைப் போல அ) பாதி, ஆ) அதே அளவு, இ) இரு மடங்கு. எல்லோரும் அரைத்தாளில் விடையைப் பெரிதாக எழுதி ஒரே நேரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

பெரும்பாலான தாள்களில் ‘அ’ இருந்தது. மாதிரிப் பாடத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்த மாணவர்களில் சிலரும் அதில் உண்டு.

இத்தனைக்கும் ‘நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி’ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நோட்டுகளில் கணக்குகளும் சரியாகவே இருந்தன. அந்தக் கணக்குகளைத் திரும்பிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் நிறையும் கன அளவும் கொடுக்கப்பட்டிருந்தன. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் விடை. வகுத்தல் தெரிந்தால் போதும், அடர்த்தி தெரிய வேண்டியதில்லை. கட்டையை வெட்டும்போது நிறை பாதியாவது கண்ணுக்குத் தெரிகிறது. கன அளவும் கூடவே பாதியாவதை யோசிக்க அந்தக் கணக்குகள் அவர்களை ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. 120 கிராம், 200 கன செ.மீ. என்றால் 0.6. பாதியாக வெட்டினால் 60 கிராம், 100 கன செ.மீ.; அப்போதும் 0.6. இதைப் போட்டுக் காட்டிய பிறகும் ஒரு மாணவி, “அப்போ வெட்டி வெட்டித் தூசி ஆக்கினாலும் அதேதானா டீச்சர்?” என்று சந்தேகத்தோடுதான் கேட்டாள். நல்ல கேள்வி. அன்றைய பாடவேளை முழுவதும் அதிலேயே போனது.

ஆசிரியர் அறைக்கு வந்ததும், “இந்த மாதிரிப் பாடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது சார்?” என்று கேட்டார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பு வழக்கமாக எந்த இடத்தில் இருக்குமோ அந்தப் பாடத்தையே நடத்துங்கள். கடைசி பெஞ்சுப் பையன் என்ன பதில் சொல்வான் என்பதிலிருந்து தயாரிப்பைத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கும் அதுதான் அளவுகோல் ஆனது.

நோட்டுகள்

அதிக நேரம் எடுத்ததும் அதிக விவாதம் நடந்ததும் இதில்தான்.

வகுப்பின் நோட்டுகளில் எங்கு திறந்தாலும் ஒரே வாக்கியங்கள். கரும்பலகையில் இருந்தது அப்படியே. பக்கத்தின் அடியில் சிவப்பு டிக், தேதி, ‘நன்று’. அழகாக இருந்தன. ஆனால் மூன்று நோட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் எவருக்கும் இது படியெடுத்தது என்று உடனே புரியும். முப்பது பேர் யோசித்திருந்தால் முப்பது விதமான பிழைகளில் ஒன்றாவது தாளில் இருந்திருக்கும்.

பழைய பக்கங்களில் இப்போது உட்கார்ந்து குறிப்புகள் எழுதிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஆசிரியையே மறுத்தார். எனக்கும் அதே கருத்துதான். ஆறு மாதக் குறிப்புகள் ஒரே மையில், ஒரே வேகக் கையெழுத்தில் இருந்தால் யாருக்கும் தெரியும். அதைவிட, போன பருவத்துப் பாடத்தில் இன்று எழுதும் குறிப்பை எந்த மாணவனும் படிக்கப்போவதில்லை. ஆய்வாளருக்கு மட்டுமே எழுதும் கடிதம் அது.

பதிலாக ஒரு சிறிய ஏற்பாடு. ஒவ்வொரு பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி. மாணவர்கள் நோட்டின் பின்பக்கத்தில் சொந்த வார்த்தையில் பதில் எழுத வேண்டும். ஆசிரியை தினமும் மூன்றில் ஒரு பங்கு நோட்டுகளை மட்டும் எடுத்துப் படிப்பார். மதிப்பெண் கிடையாது, ‘நன்று’ கிடையாது. பதிலுக்கு ஒரு எதிர்க்கேள்வி மட்டும் எழுதுவார்: “கன அளவு என்ன ஆனது?”, “இதே அளவு இரும்பாக இருந்தால்?” அடுத்த பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் மாணவர்கள் வேறு நிற மையில் அதற்குப் பதில் எழுத வேண்டும்.

மதிப்பெண்ணை ஏன் விட வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை. கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்தடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது; பக்கத்து நோட்டில் என்ன எண் என்பதுதான் அடுத்த கவலை. தலைமையாசிரியர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. மாதத் தேர்வு மதிப்பெண் பதிவேடு தனியாக இருப்பதால் விட்டுக்கொடுத்தார்.

பாடத்தைப் பிரித்துக் கட்டியது

எட்டுப் பக்கப் பாடக்குறிப்பு ஒரு பக்கமானது. அதில் மூன்று விஷயங்கள் மட்டும்: இவர்களுக்கு இப்போது என்ன தெரியும், எங்கே தடுக்கும், தடுக்கிவிட்டது என்று பாடத்தின் நடுவிலேயே எனக்கு எப்படித் தெரியும். குறிப்பு நீளமாக இருந்தால்தான் ஆய்வாளர் மதிப்பார் என்ற நம்பிக்கை பல ஆசிரியர்களிடம் உண்டு. எல்லா இடத்திலும் அது உண்மையில்லை. இங்கிலாந்தின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனிக் குறிப்பைத் தாங்கள் கேட்பதில்லை என்று 2014இலேயே தெளிவுபடுத்தியது. தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதையும் அந்த ஆண்டில்தான் நிறுத்தியது. உங்கள் துறை ஒரு படிவத்தைக் கட்டாயமாகக் கேட்டால் நிரப்பித்தான் ஆக வேண்டும். கேட்கிறதா என்று ஒருமுறை சுற்றறிக்கையைப் படித்துப் பார்ப்பது நல்லது. கேட்காததை நிரப்பித்தான் பாதி இரவுகள் போகின்றன.

மிதத்தல் பாடத்தில் தடுக்கும் இடம் தெரிந்ததுதான்: கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். அதற்கு அடுத்த படி, மரம் மிதக்கும், கல் மூழ்கும் என்பது. இரண்டையும் உடைக்க எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கருங்காலி மூழ்கும் மரம். எரிமலை நுரைக்கல் மிதக்கும் கல். இரும்பின் அடர்த்தி நீரைப்போல ஏறக்குறைய 7.9 மடங்கு, ஆனாலும் கப்பல் மிதக்கிறது. ஆசிரியை தேர்ந்தெடுத்தது அதைவிட எளிதான பொருளை: மாணவர்கள் உருவம் செய்யும் பிசுபிசுப்பான களிமண். உருண்டையாக்கிப் போட்டால் மூழ்கும், கிண்ணமாக்கிப் போட்டால் மிதக்கும். களிமண் அதேதான், நிறையும் அதேதான். மாறியது எது?

பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டின் கேள்வியும் கரும்பலகையின் ஒரு மூலையில் அழியாமல் நிற்கும். எந்த நிமிடத்தில் யார் நுழைந்தாலும் வகுப்பு என்ன யோசித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். இதனால் தாமதமாக வரும் மாணவர்களுக்கும் பயன் உண்டு.

இன்னொன்று, காத்திருப்பு. கேள்வி கேட்ட ஒரு நொடிக்குள் ஆசிரியர்கள் அடுத்தவரிடம் தாவிவிடுகிறார்கள், அல்லது தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ காட்டினார். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, ‘தெரியாது’ குறைகிறது. கேட்க எளிதாக இருக்கும். பின்னால் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது மூன்று நொடி மௌனத்தைத் தாங்குவது சுலபமில்லை. அதனால் அறிவிப்பு வந்த வாரத்திலேயே பழகத் தொடங்கினார். தாள் தூக்குவதும் அப்படித்தான். ஆய்வு நாளில் முதன்முறையாக ஒரு முறையைக் கையாண்டால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வை ஒன்றே போதும், காட்டிக்கொடுக்க.

அறை

அறைக்கு ஒரு பிற்பகல்தான் ஒதுக்கினோம். ஆசிரியை கடைசி பெஞ்சின் இரு முனைகளிலும் உட்கார்ந்து பார்த்தார். இடது முனையிலிருந்து கரும்பலகையின் ஒரு பகுதி ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. பலகையின் கீழ்ப்பகுதி முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் மறைந்தது. வலது மூலையில் மின்விசிறிச் சத்தம் குரலை விழுங்கியது. இதில் எதையும் முன்னால் நின்று பாடம் நடத்துபவர் கண்டுபிடிக்க முடியாது. தீர்வுகள் சாதாரணமானவை: திரையை இழுத்துவிடுவது, பலகையின் கீழ்ப்பகுதியை எழுதாமல் விடுவது, முக்கியமான விளக்கத்தை அறையின் நடுவில் நின்று சொல்வது. பெஞ்சுகளைச் சற்று நகர்த்தி நடுவில் இரண்டு வழி விட்டதும் எந்த நோட்டுக்கும் எட்ட முடிந்தது.

சுவர்ப் படங்களில் பாதி இறங்கின. 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படங்கள் நிறைந்த அறையில் சிறுபிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியதையும் அவர்கள் குறைவாகக் கற்றதையும் கண்டார்கள். அது மழலையர் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரும்பலகையைச் சுற்றி மட்டுமாவது சுவர் வெறுமையாக இருப்பதில் நஷ்டமில்லை. பக்கச் சுவரில் மாணவர்களின் மரக்கட்டைப் பதில்கள், தவறும் திருத்தமும் சேர்த்து, ஒட்டப்பட்டன.

பதிவேடுகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வருகை, மதிப்பெண், ஆய்வகப் பொருள்கள், தீயணைப்பான் காலாவதித் தேதி எல்லாம் நாளொன்றில் முடிந்தன. பின்தங்கியவர்கள் பட்டியலில் மட்டும் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தார்: யாருக்கு, எதற்காக, என்ன செய்கிறேன். பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்தால் ஆய்வாளரின் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மாணவர்களிடம் என்ன சொல்வது என்பதிலும் தயக்கம் இருந்தது. கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: “பார்க்க வருகிறவர் உங்களிடம் பேசலாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் எது தெரியவில்லை என்று சொல்லுங்கள்.” தடுமாறும் பிள்ளைகளை அன்று விடுப்பு எடுக்கச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இங்கே அந்தப் பேச்சே எழவில்லை. எழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

ஆய்வு நாள்

பாடம் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து ஆய்வாளர் வந்தார். கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நோட்டை எடுத்தார். அப்போது உருண்டை மூழ்கியிருந்தது. கிண்ணம் மிதக்குமா என்று தாள் தூக்கும் நேரம்.

மிதக்க வேண்டிய கிண்ணங்களில் ஒன்று மெதுவாக மூழ்கியது. அடியில் விரிசல். ஆசிரியை திட்டத்தில் இது இல்லை. ஒரு மாணவன், “அடர்த்தி கூடிடுச்சு டீச்சர்” என்றான். அவர் சரி, தவறு எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்துக் காத்திருந்தார். களிமண்ணின் அடர்த்தி எப்படிக் கூடும் என்று ஒருத்தி மறுத்தாள். கிண்ணத்துக்குள் முன்பு காற்று இருந்தது, இப்போது தண்ணீர் வந்துவிட்டது என்று இன்னொருவன் சொன்னான். களிமண்ணை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்து மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்ற இடத்துக்கு வகுப்பு தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. இதற்கே நேரம் போய்விட்டது. கடைசியில் போட வேண்டிய கணக்கு போடப்படவில்லை.

ஆய்வாளர் பக்கத்து மாணவனிடம், முதலில் ‘பாதி’ என்று எழுதி அப்புறம் ஏன் மாற்றினாய் என்று கேட்டிருக்கிறார். நிறையோடு கன அளவும் குறைகிறது என்று அவன் விளக்கினான். அடுத்த வரிசை மாணவியிடம் இரும்பாணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மூழ்கவில்லை என்று கேட்டபோது அவள் சூத்திரத்தைச் சொல்லி அதோடு நின்றுவிட்டாள்.

ஆசிரியையிடம் ஆய்வாளர் கேட்டது ஒரு கேள்விதான்: பின்பக்கக் கேள்விகள் எல்லாம் இந்த மாதத் தேதியில்தான் இருக்கின்றனவே? “இந்த மாதம்தான் தொடங்கினேன் சார். மரக்கட்டைக் கேள்விக்குப் பிறகுதான் தேவை தெரிந்தது” என்றார். ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

அறிக்கையில் மாணவர்கள் காரணம் சொல்லிப் பேசுவது பாராட்டப்பட்டது. குறைகளும் இருந்தன, மூன்றும் நியாயமானவை. நோட்டுகளில் புதிய முறைக்கு முந்தைய மாதங்களில் பயனுள்ள குறிப்பு எதுவும் இல்லை. சோதனையின்போது ஒவ்வொரு குழுவிலும் ஒன்றிரண்டு பேரே கை வைத்தார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். விரைவில் முடித்தவர்களுக்கு அடுத்த வேலை எதுவும் தரப்படவில்லை.

முதல் குறையை எந்தத் தயாரிப்பாலும் சரிசெய்திருக்க முடியாது. இரண்டு வாரத்தில் இரண்டு வார நோட்டைத்தான் உருவாக்க முடியும். இரண்டாவதை முன்கூட்டியே கண்டிருக்கலாம். கேள்விகளை மெருகேற்றிய அளவுக்குக் குழுவில் யார் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்றாவது, இந்த வகைப் பாடங்களில் எங்கும் இருக்கும் பலவீனம்: தடுக்குபவர்களை நோக்கித் திரும்பும்போது தாண்டிவிட்டவர்கள் சும்மா உட்கார நேர்கிறது.

மாதிரிப் பாடம் நடத்தியிருந்தால் அறிக்கை இன்னும் நன்றாக வந்திருக்குமா? வந்திருக்கலாம். விரிசல் கிண்ணம் இருந்திருக்காது, கணக்கும் முடிந்திருக்கும். ஆனால் மரக்கட்டை பாதியானால் அடர்த்தியும் பாதி என்று நம்பும் பிள்ளைகள் அப்படியே பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள். இந்த இரண்டில் எது பெரிது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. தலைமையாசிரியருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பின்பக்கக் கேள்வி முறை இப்போது அவர் எடுக்கும் இரண்டு பிரிவுகளில் தொடர்கிறது. மூன்றாவது பிரிவில் நோட்டுகளைப் படிக்க நேரம் போதாமல் வாரம் ஒருமுறையாகக் குறைந்துவிட்டது. சோதனைக் குழுக்களில் அளப்பவர், எழுதுபவர், கேள்வி கேட்பவர், கருவிகளைக் கையாள்பவர் என்று நான்கு பேருக்கும் வேலை பிரித்து, அதைப் பாடத்துக்குப் பாடம் மாற்றுகிறார்கள். விரைவில் முடிப்பவர்களுக்கான கேள்வித்தாள்களை அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து தயாரிக்கிறார்கள். அழுத்தம் பாடம்வரை முடிந்திருக்கிறது.